பழைய ஹாலிவுட்டுக்குள் நுழைவது எப்படி: திரை, பிரதி, பார்க்கும் வரிசை

பழைய ஹாலிவுட் படம் இழுவை என்று சொல்பவரிடம் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்தப் படம், எந்தப் பிரதி, எதில் பார்த்தீர்கள்? ஒருவர் நாலு மணி நேர ‘கான் வித் த விண்ட்’டில் தொடங்கிப் பாதியில் தூங்கியிருப்பார். இன்னொருவர் யூடியூபில் கிடைத்த, முகமே தெரியாத பிரிண்டைப் பார்த்திருப்பார். மூன்றாமவர் நல்ல பிரதியைத்தான் பார்த்திருப்பார், ஆனால் அவருடைய டிவி அதை மெகா சீரியல் மாதிரி வழவழவென்று மாற்றிக் காட்டியிருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் ரசனை தானாக வரும். பெரிய சினிமாப் படிப்பெல்லாம் தேவையில்லை.

இந்தக் கட்டுரையில் பழைய ஹாலிவுட் என்பது ஏறக்குறைய 1920களிலிருந்து 1960 வரை. எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ ஆகிய ஐந்து பெரிய ஸ்டுடியோக்கள் நடிகர், இயக்குநர், தையற்காரர் வரை எல்லாரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு படம் எடுத்து, சொந்தத் தியேட்டரிலேயே ஓட்டிய காலம் அது. 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் தியேட்டர்களை அவை கைவிட வேண்டி வந்தது. டிவியும் வந்து சேர, அந்த அமைப்பு மெல்லக் கலைந்தது.

முதலில் டிவியின் செட்டிங்ஸ்

படம் போடுவதற்கு முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

பிக்சர் மோடில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. ‘விவிட்’, ‘டைனமிக்’ இரண்டும் கடையில் நம் கண்ணை இழுப்பதற்காக வைத்தவை.

அடுத்து, அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் இதற்கு ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’ என்று பெயர், எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. பேசும் படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டவை. இந்த வசதி, இல்லாத ஃபிரேம்களைத் தானே உருவாக்கி இடையில் செருகுகிறது. ஆள் நகர்ந்தால் ஓரம் கலங்கும். அரண்மனை செட் அட்டைப் பலகையாகத் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாய்ந்து தெரிந்தால் கலர் டெம்பரேச்சர் ‘கூல்’ என்பதில் இருக்கிறது. ‘வார்ம்’ என்று மாற்றுங்கள். ஷார்ப்னெஸைக் குறையுங்கள். அதிகமாக இருந்தால் ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். முதலாவது இருட்டில் நிற்கும் ஆளை விழுங்கிவிடும். இரண்டாவது ஃபிலிமின் இயல்பான மணல்மணலான தன்மையைத் துடைத்து, முகங்களை மெழுகுபொம்மை ஆக்கிவிடும். அந்த மணல் அழுக்கல்ல, படமே அதனால் ஆனது.

மிக முக்கியமானது திரையின் அளவு. 1932 முதல் 1953 வரை வந்த ஹாலிவுட் படங்களின் சட்டகம் அகலத்துக்கு உயரம் 1.37-க்கு 1, கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய டிவியின் திரை 1.78-க்கு 1. அதனால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை. ‘திரை முழுக்க வரட்டுமே’ என்று ஜூம் செய்தால் படத்தின் உயரத்தில் 23 சதவீதம் வெட்டுப்படும். ஃப்ரெட் அஸ்டேர் தன் நடனத்தை உச்சி முதல் பாதம் வரை முழு உருவமாகவே எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அவருடைய ‘டாப் ஹாட்’டை (1935) ஜூமில் பார்த்தால் காணாமல் போவது அவருடைய கால்கள். ஜூமுக்குப் பதிலாக ஸ்ட்ரெட்ச் செய்தால் எல்லாரும் 30 சதவீதம் குண்டாகிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் சுவர்க் கடிகாரத்தையோ கார்ச் சக்கரத்தையோ பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். செல்போனில் பார்ப்பவர்கள் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதும் இதே தவறுதான்.

1953-ல் ‘த ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்தது. அந்தப் படங்களுக்கு மேலும் கீழும் பட்டை வரும். சினிமாஸ்கோப் படம் ஒன்று சதுரமாகக் கிடைத்தால் அது பழைய டிவிக்காக வெட்டியது. பாதிக் காட்சியை இழந்திருப்பீர்கள். விட்டுவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவற்றின் சத்தம் ஒற்றைத் தடத்தில் பதிவானது. சவுண்ட்பாரில் ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள், வசனம் தெளிவாகும்.

பிரதியைச் சோதிப்பது

அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் காலப் படங்களுக்கு முதல் 28 ஆண்டு உரிமை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். சில நிறுவனங்கள் மறந்தன, சில கவலைப்படவில்லை. ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ (1946) 1974-ல் இப்படித்தான் கைவிட்டுப் போனது. அதை டிவி நிலையங்கள் காசில்லாமல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதால்தான், வெளியானபோது சுமாராக ஓடிய படம் கிறிஸ்துமஸ் சடங்காகவே மாறியது. ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யும் (1940) உரிமை காலாவதியான படம். ‘சரேட்’ (1963) கதை இன்னும் வேடிக்கை: டைட்டிலில் காப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாததால் வெளியான அன்றே பொதுச்சொத்து ஆகிவிட்டது.

பொதுச்சொத்து என்றால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம். பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிய சரக்குதான் இலவசமாக அதிகம் கிடைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரே படம் பல தரத்தில் இருக்கும். முதலில் வந்ததைப் போடாமல், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மௌனப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் ‘நேஷனல் ஸ்கிரீனிங் ரூம்’ இணையப் பக்கம் நம்பகமானது, கட்டணமும் இல்லை.

அடுத்து ஓடும் நேரத்தைப் பாருங்கள். அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ஏஎஃப்ஐ கேட்டலாகில் ஒவ்வொரு படத்தின் நேரமும் இருக்கிறது, இலவசம். உங்கள் பிரதி நாலு சதவீதம் குறைந்தால் (102 நிமிடப் படம் 98 நிமிடம்) அது ‘பால்’ (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்காக 25 ஃபிரேமில் ஓட்டியது. காட்சி எதுவும் போகவில்லை. குரல் மட்டும் சற்றுக் கீச்சென்று கேட்கும். அதைவிட அதிகம் குறைந்தால் வெட்டுப்பட்ட பிரதி. சில படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறையான வடிவங்கள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தை ஸ்டுடியோ மாற்றியபோது இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு எழுதி எதிர்த்தார். அந்தக் குறிப்பின்படி 1998-ல் மீண்டும் தொகுத்ததுதான் பார்க்க வேண்டியது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் நிறம் பூசிய பிரதிகள் 1980களில் பெருகின. தொடவே வேண்டாம். நிழலை நம்பி விளக்கு வைத்த ஒளிப்பதிவாளரின் உழைப்பு அதில் அடிபட்டுப் போகிறது.

டிஸ்க் வாங்குபவர்களுக்கு: டிஸ்க்கும் பிளேயரும் ஒரே ‘ரீஜன்’ (நாடுகளைப் பிரித்த விற்பனை மண்டலம்) ஆக இருந்தால்தான் ஓடும். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 5, அமெரிக்கா ரீஜன் 1. புளூரேயில் இந்தியாவும் இலங்கையும் ‘சி’, அமெரிக்கா ‘ஏ’, ஐரோப்பா ‘பி’. சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு ஒரு வசதி, புளூரேயில் அவர்களும் ‘ஏ’. அங்கு வாங்கிய பிளேயரில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிடும் புளூரே ஓடும். சென்னையில் வாங்கிய பிளேயர் மறுக்கும். வார்னர் ஆர்க்கைவ் புளூரேக்கள் பெரும்பாலும் ரீஜன் பூட்டு இல்லாதவை. 4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க்குகளுக்கு ரீஜன் தொல்லையே கிடையாது.

எதில் தொடங்குவது

‘உலகின் தலைசிறந்த படம்’ பட்டியலின் உச்சியில் தொடங்காதீர்கள். ‘சிட்டிசன் கேன்’ (1941) எதையெல்லாம் உடைத்தது என்று தெரிய, உடைபடாமல் இருந்த சாதாரணப் படங்களைக் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டும். பதினைந்து படத்துக்குப் பிறகு அதைப் போட்டுப் பாருங்கள், கூரை தெரியும் செட்டும், முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே கூர்மையில் தெரிவதும் உங்களையே நிமிர்ந்து உட்கார வைக்கும்.

தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, வேகமான படங்கள்தான் சரி. எங்கள் வரிசை இது. ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ (1934, 105 நிமிடம்): வீட்டைவிட்டு ஓடிய பணக்காரப் பெண்ணும் வேலை இழந்த நிருபரும் ஒரே பஸ்ஸில். ‘ஹை நூன்’ (1952, 85 நிமிடம்): கதையின் நேரமும் படத்தின் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடும், கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944, 107 நிமிடம்): இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொலைக்குத் துணைபோகும் கதை, பில்லி வைல்டர் இயக்கியது. ‘சிங்கின் இன் த ரெயின்’ (1952, 103 நிமிடம்): மௌனப் படம் பேசத் தொடங்கியபோது ஸ்டுடியோ பட்ட பாடு, நகைச்சுவையாக. ‘ரியர் விண்டோ’ (1954, 112 நிமிடம்). பிறகு ‘காசாபிளாங்கா’. வாரத்துக்கு இரண்டு போதும். ஒரே வகையில் மூன்றை அடுத்தடுத்துப் பார்த்தால் எந்தத் தொப்பிக்காரன் யாரைச் சுட்டான் என்பதே குழம்பிவிடும்.

இங்கிலீஷ் சப்டைட்டிலை வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. 1930களின் நகைச்சுவைப் படங்களில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேசுவார். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் அந்த வேகம் உச்சம். அதை முதல் வாரத்தில் வைக்காததற்கு அதுதான் காரணம். போனை வேறு அறையில் வையுங்கள். இந்தப் படங்கள் கதையின் முடிச்சை முதல் ஐந்து நிமிடத்திலேயே போட்டுவிடும். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் பார்த்தால் கடைசிவரை விளங்காது.

‘காசாபிளாங்கா’வை வைத்து ஒரு பாடம்

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு நோட்டுடன் உட்காருங்கள். பழைய படங்களில் முக்கியமான பெயர்கள் தொடக்கத்திலேயே வரும், மொத்தம் ஒன்றரை நிமிடம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசை, திரைக்கதை, துணை நடிகர்கள் மூன்று பேர் என்று எழுதுங்கள். தேவைப்பட்டால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

இயக்கம் மைக்கேல் கர்டிஸ், ஒளிப்பதிவு ஆர்தர் எடிசன், இசை மேக்ஸ் ஸ்டைனர். எடிசன்தான் ‘த மால்டீஸ் ஃபால்கன்’ (1941), ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர். ஸ்டைனர் ‘கிங் காங்’குக்கும் (1933) ‘கான் வித் த விண்ட்’டுக்கும் இசையமைத்தவர். ஹம்ப்ரி போகார்ட், பீட்டர் லோரே, சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் மூவரும் ‘மால்டீஸ் ஃபால்க’னிலும் இருக்கிறார்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே ஆட்கள். அடுத்து எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு ஒரு டைட்டில் கார்டே ஆறு பதில் தந்துவிடும்.

துணை நடிகர்களை விடாதீர்கள். இந்தப் படத்தில் சூதாட்ட மேசையில் நிற்பவர் மார்செல் தாலியோ. பிரான்ஸில் ‘த ரூல்ஸ் ஆஃப் த கேம்’ (1939) படத்தின் முக்கிய நடிகர், யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்தது சில நிமிட வேடம். நாஜி மேஜராக வரும் கான்ராட் வைட் நிஜத்தில் நாஜிகளை வெறுத்து ஜெர்மனியை விட்டுக் கிளம்பியவர். மதுக்கடையில் ஜெர்மன் பாட்டை அமுக்கி எல்லாரும் பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சியில், கண்ணீருடன் பாடும் மாத்லேன் லெபோவும் தாலியோவுடன் தப்பி வந்தவர்தான். இது தெரிந்தபின் அந்தக் காட்சியைத் திரும்பப் போடுங்கள்.

முகங்களைப் பின்தொடர்வது ரசிகனின் பெரிய சுகம். தாமஸ் மிட்செல் என்ற குணச்சித்திர நடிகர் 1939 என்ற ஒரே ஆண்டில் ஐந்து பெரிய படங்களில் இருக்கிறார். ‘ஸ்டேஜ்கோச்’சில் குடிகார டாக்டர், அதற்குத்தான் ஆஸ்கர், ‘கான் வித் த விண்ட்’டில் நாயகியின் அப்பா.

டைட்டில் கார்டை முழுக்க நம்பவும் கூடாது. எம்ஜிஎம் படங்களில் கலை இயக்கம் என்றாலே செட்ரிக் கிப்பன்ஸ் பெயர் வரும். அவர் ஒப்பந்தம் அப்படி; பல படங்களில் அவர் கைவைத்ததே இல்லை. கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர்களுக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். ‘ரோமன் ஹாலிடே’ (1953) கதை, அந்தப் பட்டியலில் இருந்த எழுத்தாளர் டால்டன் ட்ரம்போவுடையது. திரையில் வந்தது நண்பர் ஒருவரின் பெயர். ட்ரம்போவுக்கான ஆஸ்கர் 1993-ல், அவர் இறந்து பல ஆண்டுக்குப் பின் தரப்பட்டது.

தணிக்கையைப் படிக்கக் கற்பது

1930-ல் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு ஒழுக்க விதிமுறை வகுத்துக்கொண்டன. 1934-ன் நடுவில் ஜோசப் பிரீன் தலைமையில் தணிக்கை அலுவலகம் வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. குற்றவாளி தண்டனை பெற வேண்டும், கள்ள உறவு இனிப்பாகத் தெரியக் கூடாது. 1968 வரை இந்த முறை நீடித்தது. இது தெரியாமல் பார்ப்பவர்களுக்குப் பல முடிவுகள் அசட்டுத்தனமாகத் தோன்றும். தெரிந்தவர்களுக்கு, விதியை ஏய்க்கும் சாமர்த்தியமே தனிப் பொழுதுபோக்கு.

மறுபடியும் ‘காசாபிளாங்கா’: இரவில் நாயகன் ரிக்கின் அறைக்கு அவனுடைய பழைய காதலி இல்சா வருகிறாள், அழுகிறாள், தழுவிக்கொள்கிறார்கள். காட்சி கரைந்து விமான நிலையக் கோபுரத்தின் சுழலும் விளக்கு வருகிறது, சில நொடிதான். திரும்பினால் ரிக் ஜன்னலருகே நின்று சிகரெட் பிடிக்கிறான். நடுவில் எவ்வளவு நேரம் போனது? படம் சொல்லாது. வேண்டாதவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை, வேண்டியவர்களுக்கு நடந்தது. காட்சி இருளும்போதும், கரையும்போதும், கதவு சாத்தப்படும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்.

விதி இறுகுவதற்கு முந்தைய படங்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். ‘பேபி ஃபேஸ்’ (1933) ஒன்றே போதும், 76 நிமிடம். வறுமையில் வளர்ந்த பெண் தன் உடலை வைத்து ஒரு வங்கியின் மாடிகளில் ஒவ்வொன்றாக ஏறுவாள். தணிக்கைக்கு முந்தைய பிரதி 2004-ல்தான் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் கிடைத்தது. 76 நிமிட வடிவமா என்று பார்த்து எடுங்கள். வெட்டிய வடிவம் ஐந்து நிமிடம் குறைவு.

மௌனப் படம்

மௌனப் படத்தில் எல்லாரும் ஓடி ஓடி நடப்பார்கள் என்பது பிரதியின் கோளாறு. 18, 20 ஃபிரேம் வேகத்தில் எடுத்ததை 24-ல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். புதுப்பித்த பிரதிகளில் வேகத்தைத் திருத்தியிருப்பார்கள். சேர்த்திருக்கும் இசையும் முக்கியம். சம்பந்தமில்லாத பியானோ ஓடினால் வேறு பிரதி பாருங்கள். பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) வெறும் 45 நிமிடம். தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்க மௌனப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் ஒரு காரணம். 1937-ல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கிடங்கு எரிந்ததில் அந்த நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பாலானவை போயின.

நெருடும் இடங்கள்

வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக ஆடுவது, கறுப்பின நடிகர்களுக்கு வேலைக்காரர் வேடம் மட்டுமே தருவது, சீனப் பெண்ணாக ஐரோப்பிய நடிகை நடிப்பது எல்லாம் வரும். ‘த குட் எர்த்’ (1937) படத்தின் நாயகி வேடம், சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் இருந்தும், லூயிஸ் ரைனருக்குப் போனது. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல் 1940 விழாவில் தன் சக நடிகர்களோடு உட்கார முடியவில்லை. சுவரோரம் தனி மேசை. இதை மறைத்துக்கொண்டு ரசிக்கத் தேவையில்லை. குழந்தைகளோடு பார்ப்பதானால் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காருக்குப் பின்னால் ஓடும் சாலை பொய்யாகத் தெரிவதை மட்டும் மன்னித்துவிடுங்கள். ஸ்டுடியோவுக்குள் கார் நிற்கும், பின்னால் திரையில் சாலை ஓடும். நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பும் நாயகர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பில்லை.

இருபது படத்துக்குப் பிறகு

இனி ஜோடியாகப் பாருங்கள். ‘த ஃப்ரன்ட் பேஜ்’ (1931) படத்தில் ஆண் நிருபராக இருந்தவரைப் பெண்ணாக மாற்றியதுதான் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’. ‘லவ் அஃபேர்’ (1939) படத்தை அதே இயக்குநர் லியோ மெக்கேரி 1957-ல் ‘அன் அஃபேர் டு ரிமெம்பர்’ என்று கலரில், ஸ்கோப்பில் மறுபடி எடுத்தார். எது மேல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, எங்கள் ஓட்டு முதலாவதுக்கு. தமிழ் ரசிகர்களுக்கு ஒரு தனி ஜோடி: ‘த மேன் இன் த அயர்ன் மாஸ்க்’ (1939), அதைத் தழுவி பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தமபுத்திரன்’ (1940). அந்த இங்கிலீஷ் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வேல்தான் ‘ஃபிராங்கன்ஸ்டை’னையும் எடுத்தவர். நோட்டில் கோடு போட்டு இணைத்துக்கொள்ளுங்கள்.

செட்டுகளையும் கவனிக்கலாம். ஆர்கேஓ, வெல்ஸின் ‘த மாக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ (1942) படத்துக்குப் பெரும் செலவில் போட்ட மாடிப்படியை அதே ஆண்டு குறைந்த செலவுப் பேய்ப்படம் ‘கேட் பீப்பிள்’-க்குக் கொடுத்துவிட்டது. படத்தின் வலது மேல் மூலையில் அவ்வப்போது மின்னும் சிறு வட்டம் ஆபரேட்டருக்கான அடையாளம். முதல் வட்டத்துக்கு அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும், சில நொடியில் வரும் இரண்டாவதுக்கு ரீல் மாற்ற வேண்டும். புதுப்பித்த பிரதிகள் சிலவற்றில் இதை அழித்துவிடுகிறார்கள்.

மூன்று மணி நேரத்தைத் தாண்டும் படங்களை இந்தக் கட்டத்துக்கு வைத்திருந்தது நல்லதுதான். ‘பென்-ஹர்’ (1959) 212 நிமிடம். தொடக்கத்தில் கதை நகராமல் சில நிமிடம் இசை மட்டும் ஓடும். டிவி கெட்டுவிட்டதென்று ரிமோட்டை எடுக்காதீர்கள், தியேட்டரில் ஆட்கள் வந்து உட்காரும் நேரத்துக்கான இசை அது. இடைவேளை அட்டை வரும்போது நிறுத்திவிட்டு, மீதியை மறுநாள் பார்த்தாலும் ஒன்றும் குறையாது.

காலத்தின் வாசனை வேண்டுமென்றால் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியில் ‘போட்டோப்ளே’ முதலிய பழைய சினிமா இதழ்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், காசில்லை. ‘லான்டர்ன்’ என்ற தேடுகருவியில் நடிகர் பெயரையும் ஆண்டையும் போட்டால் போதும். படம் பார்த்த அன்றே அதன் விமர்சனத்தையும் விளம்பரத்தையும் தேடிப் படித்துவிடுங்கள். நடிகைகளைப் பற்றி வரும் கிசுகிசுக்களை மட்டும் நம்ப வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவிலிருந்து வந்தவை.